கொப்பரை ஓவர்சியரின் ஆடாத தூண்

இந்தப் பூமியில் அசையாமல் நிற்கிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்று மனதார நம்பிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். தென்காசியில் எங்கள் பக்கத்து வீட்டுக் கொப்பரை ஓவர்சியர். நாற்காலியில் உட்காருமுன் அதை நாலு பக்கமும் ஆட்டிப் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார். நேரே போய்ப் பந்தக்காலைப் பிடித்து உலுக்குவார். ஒரு கல்யாணத்தில் அவர் உலுக்கிய உலுக்கலில் பந்தலின் ஒரு பக்கம் சரிந்தே போயிற்று. "நல்லவேளை, இப்பமே விழுந்துட்டு. தாலி கட்டுத நேரத்துல விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று சொல்லிவிட்டு, பெண் வீட்டார் நன்றி சொல்வார்கள் என்று அங்கேயே காத்து நின்றாராம்.

எங்கே போனாலும் கையில் ஒரு பித்தளைத் தம்ளர் இருக்கும். அது தாகத்துக்கு அல்ல. அதில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தரையில் வைப்பார். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீர் நடுங்குகிறதா என்று பார்ப்பார். நடுங்கினால் அந்த இடத்தில் காபிகூடக் குடிக்கமாட்டார்.

இந்த அவநம்பிக்கை பிறவியில் வந்ததல்ல, உத்தியோகத்தில் வந்தது. சர்க்காரில் இருந்தபோது ஏதோ ஒரு ஓடைக்குப் பாலம் கட்டினார். திறப்பு விழாவன்று துரை பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி, கழுத்தில் மாலையோடு இறங்கி நின்று, பாலத்தைப் பாராட்டிப் பேசினார். கரையில் நின்றவர்களுக்குத் துரை பேசப் பேசக் குட்டையாகிக்கொண்டே வருவது போலத் தெரிந்தது. பேச்சு முடிவதற்குள் பாலம் ஒரு சாண் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றைக்கு ஓவர்சியருக்குப் பூமியின்மேல் போன நம்பிக்கை திரும்பி வரவேயில்லை.

இரண்டாவது யுத்தம் தொடங்கின சமயத்தில் நான் அந்தத் தெருவுக்கு மருமகளாகப் போனேன். குற்றாலத்துக்குப் போகிற பாதையில் ஊர் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. கொல்லையில் ஒரு குட்டைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஓவர்சியரின் கொல்லை.

நான் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, குற்றாலத்தில் பங்களா வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பினார். சாமான்களை விற்றார்கள். ஊரிலுள்ளவர்கள் கட்டிலும் நிலைக்கண்ணாடியும் பீங்கான் தட்டும் வாங்கிக்கொண்டு வர, ஓவர்சியர் ஓர் ஆள் நீளத்துக்குப் பித்தளைக் குழாய் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். பீரங்கி என்று தெருவில் பேச்சுக் கிளம்பி, போலீஸ்காரர் ஒருவர் வந்து குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அது பீரங்கியில்லை, தூரதிருஷ்டிக் கண்ணாடி. அதில் பார்த்தால் சனிக் கிரகத்தைச் சுற்றி ஒரு வளையம் தெரியும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். அந்த வளையத்தைப் பார்ப்பதுதான் இனித் தன் ஜன்ம லட்சியம் என்றார் ஓவர்சியர்.

ஓவர்சியரின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரே சனி பார்வை நம்ம மேல பட்டுரக்கூடாதுன்னு எள்ளு விளக்குப் போடுது. இவுக என்னடான்னா சனியைப் பாக்க ஆலாப் பறக்காவ! சனி சும்மா போனாலும் கையைத் தட்டிக் கூப்பிடுத மனுசன எங்கயாவது கண்டிருக்கியா நீ?"

நான் கண்டதில்லை என்றேன்.

தை மாதம். முக்காலி ஒன்றின்மேல் குழாயைக் கட்டி, விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லையில் நிறுத்தினார். கண்ணை வைத்தார். உடனே எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு மெல்ல நடந்து எங்கள் குட்டைச் சுவருக்கு வந்தார். நான் உரலில் நெல்லுக் குத்திக்கொண்டிருந்தேன். விளக்கு வைத்தபின் உலக்கையைத் தொடக்கூடாது என்று சாஸ்திரம் உண்டு. பதினோரு பேர் சாப்பிடுகிற வீட்டில் அந்தச் சாஸ்திரத்தை என் மாமியார் மறந்து பல வருஷமாகியிருந்தது.

"தாயி, நீ குத்துத குத்துல அங்கன சனீசுவரன் குதியாட்டம் போடுதாரு. கொஞ்சம் நிறுத்துதியா?"

"நிறுத்தினா ராத்திரிக்குச் சோறு?"

"ஆனை நடந்தாக்கூட இப்படி அதிராது தாயி. இத்தனூண்டு ஆளு, இம்புட்டு அதிர்வு எங்கேயிருந்துதான் வருதோ!"

புதுப்பெண்ணைப் பார்த்து ஆனை என்று சொன்ன மனிதரை நான் எப்படி மன்னிப்பேன்? அன்றைக்கு நெல் முழுவதும் அரிசியான பிறகும் வெறும் உமியைப் போட்டு ஒரு நாழிகை குத்தினேன்.

மறுநாளே, குழாயை நிறுத்த ஆடாத தூண் ஒன்று, அதற்குப் பாறைமேல் அஸ்திவாரம் என்று முடிவாகிவிட்டது. பேச்சிமுத்துக் கொத்தனார் வந்தார். ஓவர்சியர் நாலு முழச் சதுரத்துக்குக் கோடு கிழித்து, "பாறை வர்ற வரைக்கும் தோண்டு" என்றார். ஆள் மட்டத்துக்குத் தோண்டியாயிற்று, பாறை வரவில்லை. இரண்டு ஆள் மட்டத்தில் தண்ணீர் வந்தது.

"ஐயா, கெணறா வேணும்? மொதல்லயே சொல்லியிருந்தா வட்டமா வெட்டியிருப்பேன்லா" என்றார் கொத்தனார்.

தண்ணீரை இறைப்பதற்குள் ஆனி பிறந்து சாரல் வந்துவிட்டது. இறைத்ததைக் குற்றால மலை திரும்ப நிரப்பியது. குழிக்குள் தவளைகள் குடியேறிக் குடும்பம் பெருக்கின. ஓவர்சியர் குடையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் குழிக்கரையிலேயே நின்றார். என் மாமியார் ஒருநாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, வானத்தைப் பாக்கணும்னா மேல பாக்கணும். நீங்க வருசம் பூரா கீழேயே பாத்துக்கிட்டு நிக்கீயளே!" என்று கேட்டாள். தவளைச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை போலும்.

ஒருவழியாகப் பாறை அகப்பட்டது. அதன்மேல் கருங்கல் அடுக்கி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்துப் பூசினார்கள். கருப்பட்டியில் பாதி சுண்ணாம்புக்குப் போயிற்று, மீதி ஆட்களின் கன்னத்துக்குள் போயிற்று. தூண் மெல்லத் தரைக்கு மேலே வந்தது. அடி அகலம், மேலே போகப் போகக் குறுகல், நாலு பக்கமும் சரிவு, நெஞ்சு உயரம். தூணைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டு அதில் ஆற்று மணலை நிரப்பச் சொன்னார். நாளைக்குச் சுற்றிலும் அறை கட்டும்போது சுவரோ தளமோ எதுவும் தூணைத் தொடக்கூடாது. தொட்டால் மனிதன் நடக்கிற அதிர்வு ஏறிவிடும் என்றார்.

பேச்சிமுத்துக் கொத்தனாருக்கு இது மட்டும் பொறுக்கவில்லை. "தூணுன்னா எதையாவது தாங்கணும்யா. இது எதைத் தாங்குது?"

"கொழாயைத் தவிர எதையும் தாங்காது."

"யாரும் தொடவும் கூடாது?"

"கூடாது."

"அப்ப எங்க வீட்டு மாப்பிள மாதிரின்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் சுண்ணாம்பு ஒட்டிய கரணையைக் கழுவினார்.

சுண்ணாம்பு இறுக ஒரு வருஷம் வேண்டும், அதுவரை தூண் திறந்த வெளியில் நிற்கட்டும் என்று ஓவர்சியர் உத்தரவு போட்டார். இங்கேதான் அவருடைய சயின்ஸ் புத்தி கவிழ்ந்தது. எங்கள் சீமையில் வெட்ட வெளியில், கூரையில்லாமல், வெள்ளையடித்து, மேலே குறுகிப் போகிற செங்குத்தான ஒரு பீடம் நின்றால் அது எந்தக் காவல் தெய்வம் என்று பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். சுடலைமாடன்! போதாக்குறைக்கு, வேலை முடிந்த அன்று கொத்தனார் வழக்கப்படி தூணுக்கு மூன்று விரலால் சந்தனம் இழுத்து, குங்குமம் வைத்து, ஒரு தேங்காயும் உடைத்துவிட்டுப் போயிருந்தார்.

மறு வெள்ளிக்கிழமை காலையில் தூணின் உச்சியில் ஒரு செவ்வரளி மாலை கிடந்தது. அடுத்த வெள்ளிக்கு விளக்கு. அதற்கடுத்த வெள்ளிக்குப் பின்தெருவிலிருந்து ஓர் அம்மாள் உயிருள்ள சேவலோடு வந்துவிட்டாள்.

ஓவர்சியர் துண்டை உதறிக்கொண்டு ஓடினார். "ஏ அம்மா, இது மாடன் இல்லே! தூணு! நான் கட்டினது! சுண்ணாம்பு, கல்லு, கருப்பட்டி!"

"மாடன் யாரு கட்டினா என்னய்யா? எங்க ஊரு மாடனும் சுண்ணாம்பும் கல்லும்தான்" என்றாள் அந்த அம்மாள். சேவல் ஆமோதித்துக் கூவியது.

ஒரு வாரம் கத்திப் பார்த்தார். அப்புறம் ஒரு நாள் தம்ளரோடு தூணருகே உட்கார்ந்தவர், தண்ணீரைப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். நடுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. காரணம் சீக்கிரமே தெரிந்தது. மாடன் குடிவந்த இடத்தில் பொழுது சாய்ந்தபின் உலக்கைச் சத்தம் ஆகாது என்று தெருவில் வீட்டுக்கு வீடு பேசி நிறுத்தியிருந்தார்கள். சனிக் கிரகத்துக்காகக் கும்பிட்டுக் கேட்டபோது ஒருத்தரும் நிறுத்தாத உலக்கை அது!

அடுத்த வெள்ளிக்கிழமை ஓவர்சியர் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, தன் கையாலேயே தூணுக்கு மாலை போட்டார். வருகிறவர்களுக்குத் திருநீறும் கொடுத்தார். பூகோளப் புத்தகம் படித்த மனிதர், சொந்தத் தூணுக்குப் பூசாரியாகிப் போனதைச் சுவருக்கு மேலாகப் பார்த்து நானும் அத்தையும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "முப்பது வருசத்துல இவுக கட்டினதுல உருப்படியா ஆளு வந்து போறது இது ஒண்ணுதான்" என்றாள் அத்தை.

எங்கள் வீட்டு உலக்கை மட்டும் நிற்கவில்லை. எங்கள் குலதெய்வமும் மாடன்தான். "எங்க மாடன் ராயகிரியில இருக்காரு. புதுசு புதுசா மொளைக்குத மாடனுக்கெல்லாம் என்னால உலக்கையை நிறுத்த முடியாது" என்று மாமியார் சொல்லிவிட்டாள். நானோ ஆனை என்ற சொல்லை மறக்கவில்லை. மாமியாரும் மருமகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ஓவர்சியர் சுவரருகே வந்து நின்று பார்ப்பார். நான் இன்னும் ஓங்கிக் குத்துவேன்.

வருஷம் முடிந்தது. தூணைத் தொடாமல் சுற்றிலும் வட்டமாக அறை எழும்பியது. அதற்கு மேலே கும்மட்டம் வேண்டுமே? ஓவர்சியர் வீரகேரளம்புதூருக்குப் போய், கரும்புப்பால் காய்ச்சுகிற இரும்புக் கொப்பரை ஒன்றைப் பேசி முடித்து வந்தார். இரண்டு பேர் உள்ளே படுத்து உறங்கலாம், அவ்வளவு பெரிசு. அதைக் கவிழ்த்து, கொல்லரை விட்டு ஒரு பக்கம் நீளவாக்கில் வெட்டி, கீழே உருளைகள் வைத்து, சுவர்மேல் ஏற்றினார்கள். தள்ளினால் சுற்றும். எந்தப் பக்கத்து வானம் வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். கொப்பரை ஓவர்சியர் என்ற பேரும் அன்றைக்கு வந்ததுதான். தகப்பனார் வைத்த பேரை அதற்கப்புறம் தபால்காரர்கூடச் சொல்லவில்லை.

கொப்பரையில் மிச்சமிருந்த வெல்ல வாசனைக்குத் தென்காசித் தாலுகா எறும்பெல்லாம் வந்தது. ஆனியில் காற்று வந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று வாழைத் தோட்டத்தையே படுக்கவைத்துவிடும். ஓவர்சியர் கொப்பரையின் நாலு பக்கமும் சங்கிலி போட்டு, நாலு பாறாங்கல்லைப் புதைத்துக் கட்டியிருந்தார். கொப்பரை பறக்கவில்லை. ஆனால் வெட்டின பிளவுக்குள் காற்றுப் புகுந்து 'ஊ...' என்று இரவும் பகலும் ஓலமிட்டது. மாடன் வாய் திறந்துவிட்டான் என்று பக்தர் கூட்டம் இரட்டித்தது.

பறக்காத கொப்பரைக்கு அடியில், ஆடாத தூணுக்குப் பக்கத்தில் ஓவர்சியர் உட்கார்ந்திருந்தார். மேலே மேகம். ஆனி, ஆடி, ஆவணி முழுவதும் மேகம். ஐப்பசியில் அடைமழை. ஊர் உலகமெல்லாம் சாரலில் நனைவதற்காகக் குற்றாலம் வருகிறது. அந்தச் சாரலுக்கு அடியில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்டவர் எங்கள் ஓவர்சியர் ஒருவர்தான்.

"மாமா, அஸ்திவாரம் பலம்தான். வானம்தான் பலமில்லே" என்று ஒருநாள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து குத்தலாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வாழை மரத்தைப் பார்த்து, "தெளியும் தாயி" என்றார். எனக்கு அது வித்தியாசமாகப் பட்டது. ஆனாலும் யோசிக்கவில்லை. வாயாடிகளுக்கு யோசிக்க நேரம் ஏது?

மாசி மாதம் வானம் துடைத்துவிட்டாற்போலத் தெளிந்தது. ஒரு சாயங்காலம் நான் நெல்லை உரலில் கொட்டிக்கொண்டிருந்தபோது அத்தை சுவரருகே வந்தாள். எப்போதும் போலத் திட்டுவாள் என்று நிமிர்ந்தேன். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"இன்னைக்கு மட்டும் குத்தாத தாயி."

"என்ன அத்தை, நீங்களுமா?"

"அவுகளுக்கு ஒரு கண்ணு நீ இங்க வருததுக்கு முந்தியே போயிட்டு. மத்த கண்ணுலயும் பொரை எறங்குது. பாளையங்கோட்டையில கண் டாக்டரு, ஒடம்புல சக்கரை இருக்கு, கத்தி வைக்க முடியாதுன்னுட்டாரு. வாற வருசம் சனி தெரியுத காலத்துக்குப் பகலும் ராத்திரியும் அவுகளுக்கு ஒண்ணுதான். யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு என் தலையில சத்தியம் வாங்கியிருக்காவ."

கையிலிருந்த உலக்கை கனத்தது. மூன்று வருஷமாக நான் ஓங்கிக் குத்தினது எல்லாம் எதன்மேல் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. மாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவள் உலக்கையை வாங்கிச் சுவரில் சாத்தினாள்.

"மாடனுக்கு நிறுத்தமாட்டேன்னுதானே சொன்னேன்? மனுசனுக்கு நிறுத்தமாட்டேன்னு எப்பம் சொன்னேன்? நீ போ, போய்க் கூட நில்லு. பதினோரு பேரும் இன்னைக்குப் பழைய சோறு திங்கட்டும்" என்றாள்.

அறைக்குள் முதல் முறையாகப் போனேன். ஓவர்சியர் கொப்பரையை மேற்கே திருப்பி, குழாயில் கண்ணை வைத்து நின்றார். ஏழு மணி ரயில் வண்டி போய் அதன் அதிர்வு அடங்கட்டும் என்று அரை நாழிகை காத்திருந்தாராம். தெருவில் சத்தமேயில்லை. அவர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டேயிருந்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நான் நிற்கிற திசைக்குத் தோராயமாகத் திரும்பினார்.

"நீ பாரு தாயி."

பார்த்தேன். கறுப்புக்கு நடுவில் சின்னதாக, தாம்பாளத்தில் வைத்த எலுமிச்சம்பழம் போல ஒன்று இருந்தது. சனி அவ்வளவு அழகாயிருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"வளையம் இருக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் எனக்குப் புரிந்துபோயிற்று. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காலம் கடந்துவிட்டது.

"இருக்கு மாமா. பளிச்சுன்னு இருக்கு."

"ஆடுதா?"

என்னத்தைச் சொல்ல? அதற்குள் என் கண்ணில் தண்ணீர் கோத்து, பழமும் தாம்பாளமும் கலந்து கரைந்துவிட்டிருந்தன. ஆடியது நானா, தூணா, யார் கண்டது?

"ஆடலை மாமா."

"தூணுமேல கையை வச்சுச் சொல்லு."

இரண்டு வருஷமாக யாரையும் தொடவிடாத தூண். கையை வைத்தேன். "ஆடலை. கொஞ்சம்கூட ஆடலை" என்றேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கொத்தனார் அங்கே இல்லை என்பதையும் மறந்து, "கேட்டியால பேச்சிமுத்து!" என்றார்.

அவரும் அத்தையும் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. கொப்பரை, வெட்டின பிளவைக் கொல்லரிடம் அடைத்துக்கொண்டு, தன் ஊருக்கே திரும்பிப் போய் வெல்லம் காய்ச்சியது. அறையை இடித்த புது வீட்டுக்காரர் தூணையும் பெயர்க்கப் பார்த்தார். கடப்பாரை வளைந்ததுதான் மிச்சம். மாடன் அசையமாட்டான் என்று விட்டுவிட்டார். இப்போது வருஷா வருஷம் மாடனுக்குக் கொடைத் திருவிழா நடக்கிறது.

மாடன் தூணில் கை வைத்து, சரியாகப் பார்க்காமலேயே ஆடவில்லை என்று சத்தியம் செய்தது எனக்குள் உறுத்திக்கொண்டேயிருந்தது. போன வருஷம் கொடைக்குப் போனேன். உச்சிவேளை. நையாண்டி மேளமும் பம்பையும் முழங்க, சாமியாடிகள் குதிக்க, என் காலடியில் தரையே அதிர்ந்தது. பித்தளைத் தம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் எடுத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தூணின் உச்சியில் வைத்தேன். படையல் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். மேளம் ஓய்கிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆடலை, மாமா.